இயந்திரம் துப்பிய காசை உரசிப் போட்டால் எடுத்துக்கொள்வது ஏன்?

ஜூன் 2, மாலை – ஒரு வாசகரின் கேள்வி

காசு போட்டால் பானம் தரும் இயந்திரம் ஒன்றில் நேற்று ஒரே காசை மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ‘டங்’ என்று கீழே வந்து விழுந்தது. பின்னால் நின்றவர் “உரசிப் போடுங்க” என்றார். பார்த்தால், காசு போடும் துளைக்குப் பக்கத்தில் பெயின்ட் போய்த் தகடு பளபளவென்று தேய்ந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அங்கேதான் உரசுகிறார்கள் போல. நானும் நாலு இழு இழுத்துப் போட்டேன், எடுத்துக்கொண்டது! காசில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் உரசினால் இறங்கிவிடும் என்கிறார் அவர். உண்மையா? இன்னொன்று: திருப்பித் தரும் பொத்தானை அழுத்தினால் வருவது நான் போட்ட அதே காசா, வேறு காசா?

ஜூன் 2, இரவு – என் பதில்

நிலைமின்சாரம் எல்லாம் இல்லை. காசு உலோகம், அதை விரலால் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அதில் ஏதாவது மின்னேற்றம் இருந்திருந்தால் உங்கள் வழியாக எப்போதோ இறங்கிப் போயிருக்கும். உரசுவது வெறும் சடங்கு. நாலாவது முறை உரசாமல் போட்டிருந்தாலும் எடுத்திருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு: அதே காசுதான்.

ஜூன் 3, காலை

நேற்று வெடுக்கென்று எழுதிவிட்டேன். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

என்னிடம் பழைய காசு பரிசோதிக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. பழைய இரும்போடு இரும்பாக எடைக்கு வந்தது. மின்சாரம் கிடையாது, பேட்டரிகூடக் கிடையாது. இரண்டு உள்ளங்கை அகலத்தில் சில தகடுகள், நாலைந்து நெம்புகள், ஒரு காந்தம், அவ்வளவுதான். ஆனால் இது காசின் விட்டம், தடிமன், எடை, உலோகம் நான்கையும் ஒரு நொடிக்குள் பார்த்துவிடும்.

வாங்கிய முதல் நாள், உள்ளே நடப்பதைப் பார்க்கலாம் என்று பக்கத் தகட்டைக் கீலில் திறந்து வைத்துக்கொண்டு காசைப் போட்டேன். நேராகக் கீழே விழுந்தது. இன்னொன்று, அதுவும் விழுந்தது. பெட்டி பழுது என்று நினைத்து அரை மணி நேரம் எண்ணெய் விட்டேன், தேய்த்தேன், திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது: இந்தப் பெட்டியில் பக்கத் தகடு திறப்பதற்குத்தான் ‘திருப்பிக் கொடு’ என்று அர்த்தம். வெளியே இருக்கும் லீவரை அழுத்தினால் தகடு விலகும், உள்ளே எங்கே சிக்கியிருந்தாலும் காசு கீழே கொட்டிவிடும். பழைய இயந்திரங்களில் அந்த லீவர் அவ்வளவு கனமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ஒரு தகட்டையே வில்லின் இழுப்புக்கு எதிராகத் தள்ள வேண்டியிருக்கிறது.

தகட்டை மூடிவிட்டு இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தேன். துளையே முதல் சோதனை. பெரிய காசும் தடித்த காசும் உள்ளே நுழையாது. நுழைந்த காசு ஒரு தொட்டிலில் போய் உட்காருகிறது. தொட்டிலுக்கு இரண்டு கைகள். விட்டம் குறைந்த காசு கைகளுக்கு நடுவே நழுவிக் கீழே போய்விடும். சரியான விட்டமென்றால் கைகள் தாங்கிக்கொள்ளும். தொட்டிலின் மறுமுனையில் ஒரு எதிர்எடை. காசுக்குப் போதிய எடை இருந்தால் தொட்டில் சாய்ந்து அதை அடுத்த சரிவில் உருட்டிவிடும். எடை குறைந்தால் தொட்டில் அசையாது, யாராவது லீவரை அழுத்தும் வரை காசு அங்கேயே குந்தியிருக்கும். ‘காசு மாட்டிக்கொண்டது’ என்று நாம் சொல்வதில் பாதி இந்தத் தொட்டிலில் நடப்பது.

தொட்டிலைத் தாண்டினால் சரிவு. பக்கத்தில் காந்தம். இரும்புக் காசு அதில் ஒட்டிக்கொள்ளும். காந்தம் பிடிக்காத உலோகத்துக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, உருண்டு போய்விடும்.

ஜூன் 3, மதியம்

காலையில் எழுதியதில் கடைசி வரி தப்பு. அழிக்காமல் விடுகிறேன், கீழே திருத்தம்.

காந்தம் பிடிக்காத காசுக்குத்தான் அந்தக் காந்தம் முக்கியமாக வைக்கப்பட்டிருக்கிறது. செம்பும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் காந்தத்தைக் கடந்து உருளும்போது அவற்றுக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென்று ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி வந்த வேகத்தை எதிர்க்கும். யாரும் தொடாமலே பிரேக் பிடித்த மாதிரி காசு மெதுவாகும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகத்துக்குப் பிரேக் பலமாக விழும், மோசமாகக் கடத்துவதற்கு லேசாக. தாமிரத் தகட்டைச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் வலுவான காந்தத்தை வழுக்க விட்டவர்களுக்கு இது தெரியும், தேனில் இறங்குவது போல இறங்கும்.

சரிவின் கடைசியில் காசு ஒரு சிறு எஃகுக் கட்டியில் மோதித் துள்ளுகிறது. எதிரே இரண்டு தடுப்புகள். பிரேக் அதிகமாக விழுந்த காசு முதல் தடுப்புக்கு இப்பாலேயே விழும். பிரேக் விழாத காசு இரண்டாவதைத் தாண்டி எகிறும். சரியான உலோகம் மட்டும் இரண்டுக்கும் நடுவே இறங்கும். ஈயத்தில் வார்த்த போலி எஃகுக் கட்டியில் மோதியும் துள்ளாது, ‘தொப்’ என்று படுத்துவிடும். காசைச் சுண்டி ஓசை கேட்டுப் பார்ப்பார்களே, அதே சோதனைதான். இங்கே காதுக்குப் பதில் தூரம்.

இதில் என்னை உட்கார வைத்த விஷயம் ஒன்று. ஏற்றுக்கொள்ளும் வழி ஒன்றே ஒன்று, அதுவும் காசின் தடிமனைவிடச் சற்று அகலம். மற்ற எல்லா வழியும் திரும்பிக் கைக்கு வரும் வழி. திருப்பித் தருவதற்கென்று இந்தப் பெட்டி எதுவும் செய்வதில்லை. ஏற்றுக்கொள்ளத்தான் பாடுபடுகிறது.

ஜூன் 4

“அப்போது நெம்பு வைத்த பெட்டியை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். குறைந்துவிட்டது. இப்போது உள்ளே இருப்பது காயில்கள், அதாவது கம்பிச் சுருள்கள். அதற்கு வருகிறேன், வேலை இருக்கிறது.

ஜூன் 5, இரவு

மின்னணு வகை. பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கென்று 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் காசு ஏற்பி கிடைக்கும். ஒன்று வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். இதற்குப் பிறவியிலேயே எந்தக் காசும் தெரியாது. நாம்தான் பழக்க வேண்டும். பழக்கும் நிலைக்குக் கொண்டுபோய் ஒரே வகைக் காசைப் பத்துப் பதினைந்து முறை போட்டால், ஒவ்வொன்றும் காயிலை எப்படிக் கலைக்கிறது என்று குறித்துக்கொண்டு, இந்த அளவுக்குள் வந்தால் சரி என்று ஓர் எல்லை வகுத்துக்கொள்ளும். பிறகு அந்தக் காசு வரும்போதெல்லாம் நாம் சொன்ன எண்ணிக்கையில் மின்துடிப்பு அனுப்பும். ஒரு காசுக்கு ஒன்று, பெரிய காசுக்கு ஐந்து, நம் விருப்பம்.

நான் செய்த முட்டாள்தனம்: பளபளப்பாக இருக்கிறதே என்று ஒரே ஆண்டில் அச்சான புதுக் காசுகளாகப் பொறுக்கி எடுத்துப் பழக்கினேன். அது ரொம்பக் கறாராகிவிட்டது. சட்டைப் பையில் இருந்த தேய்ந்த காசு ஒவ்வொன்றையும் செல்லாக்காசு என்று துப்பியது. புதுசு, பழசு, அழுக்கு, விளிம்பு நசுங்கியது என்று கலந்து மறுபடி பழக்கினேன். சமாதானமாயிற்று. அப்புறம் வாஷர் ஒன்றைப் போட்டேன். அதையும் வாங்கிக்கொண்டது! எல்லை அகன்றுவிட்டது.

இந்த இழுபறிதான் மொத்த விஷயமும். வாசலை அகலமாக வைத்தால் கள்ளக்காசு நுழையும், குறுக்கினால் நல்ல காசும் வெளியே நிற்கும். இரண்டு தப்பையும் ஒருசேர ஒழிக்க வழியில்லை, எந்தத் தப்பை எவ்வளவு பொறுத்துக்கொள்வது என்று இயந்திரக்காரர் முடிவு செய்கிறார். மதிப்பு கூடின காசுக்கு வாசல் குறுகலாக இருப்பது இதனால்தான். சில இயந்திரங்கள் இன்னும் ஒரு படி மேலே போகும்: நல்ல காசு மாதிரி, ஆனால் சற்றே விலகின ஏதோ ஒன்று வந்தால், யாரோ போலி போட்டுப் பார்க்கிறார் என்று சந்தேகப்பட்டுக் கொஞ்ச நேரத்துக்கு வாசலை இன்னும் குறுக்கிக்கொள்ளும். அப்படிப்பட்டதிடம் அதே தேய்ந்த காசை மறுபடி மறுபடி நீட்டினால் அது இறங்கி வராது, முறுக்கிக்கொள்ளும்.

காயில் என்ன பார்க்கிறது? காயிலில் மாறுமின்னோட்டம் ஓடுகிறது. பக்கத்தில் உலோகம் வந்தால் அலைவரிசையோ வீச்சோ மாறும். எவ்வளவு மாறுகிறது என்பது உலோகத்தையும், பரப்பையும், காயிலுக்கும் காசுக்கும் உள்ள இடைவெளியையும் பொறுத்தது. நல்ல ஏற்பிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசை உண்டு. காரணம், அலைவரிசை கூடக் கூட மின்காந்தப்புலம் உலோகத்தின் மேல்தோலோடு நின்றுவிடும். செம்புக்குள் 10 கிலோஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 0.66 மி.மீ. இறங்கும், 1 மெகாஹெர்ட்ஸ் 0.07 மி.மீ.கூட இறங்காது. ஒன்று காசின் வயிற்றைப் பார்க்கிறது, மற்றது தோலைப் பார்க்கிறது. மேலே ஒரு உலோகம், உள்ளே ஒன்று என்று அடுக்கி அச்சிட்ட காசுகளுக்கு இரண்டும் வேண்டும்.

எடை போடும் தராசு இந்தச் சின்னப் பெட்டிக்குள் எங்கும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘எடையை வைத்துக் கண்டுபிடிக்கிறது’ என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். பழைய தொட்டில் காலத்துப் பேச்சு.

ஜூன் 6

நாணயத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நாணயமாக ஒன்றை ஒப்புக்கொள்ளாவிட்டால் சரியில்லை. பத்து வயதில் நானும் வாஷர் போட்டிருக்கிறேன். பழைய நெம்புப் பெட்டி அது. உள்ளே போனது, வெளியே வரவில்லை, மிட்டாயும் வரவில்லை. துளையுள்ள வட்டைப் பிடிப்பதற்கென்றே ஒரு சிறு கொக்கி உள்ளே உண்டு, வாஷரின் ஓட்டையில் மாட்டி நிறுத்திவிடும் என்று இந்தப் பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு லீவரை அழுத்தவாவது தோன்றியிருக்கலாம். ஓடிவிட்டேன்.

(ஓட்டையோடு பிறந்த நல்ல காசுகளும் உலகில் உண்டு. ஜப்பானின் 5 யென், 50 யென் இரண்டிலும் நடுவே துளை. அங்கே அந்தக் கொக்கிக்கு வேலையில்லை.)

ஜூன் 9

உரசலைச் சோதித்தேன். ‘வெறும் சடங்கு’ என்று தீர்ப்புச் சொல்லியாயிற்று, சோதித்துப் பார்க்காமல் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது.

மேசை மேலிருக்கும் ஏற்பியை வேண்டுமென்றே கறாராகப் பழக்கினேன். ஒரு டப்பாக் காசைப் போட்டு, முதல் தடவை துப்பியதை மட்டும் தனியே எடுத்தேன். பாதியைத் தகட்டில் உரசிப் போட்டேன், மீதியை ஒன்றும் செய்யாமல் எடுத்து மறுபடி போட்டேன். இரண்டு குவியலிலும் ஏறக்குறைய ஒரே அளவு உள்ளே போனது. உரசிய குவியலுக்கு என்று எந்தச் சலுகையும் தெரியவில்லை.

காரணம் எளிது. ஒரே காசு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உருள்வதில்லை. துளையில் தள்ளும் வேகம், தள்ளாடிக்கொண்டு போகிறதா, சுவரோடு ஒட்டிப் போகிறதா என்பதைப் பொறுத்து அளவு சற்றே முன்பின் வரும். எல்லைக்கு ஓரமாக நிற்கும் காசு ஒரு முறை வெளியே, ஒரு முறை உள்ளே. இடையில் நீங்கள் உரசினால் உரசலுக்குப் பேர். ஊதினால் ஊதலுக்குப் பேர். சாமி கும்பிட்டிருந்தால் சாமிக்கு.

அந்தப் பளபளத்த தகடும் இப்படிப் பிறந்ததுதான். உரசியும் எடுக்காத காசை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

ஜூன் 9, ஒரு மணி நேரம் கழித்து

இல்லை, முழுக்கச் சடங்கு என்று சொல்ல முடியாது. துப்பிய காசுகளில் மூன்று நாலு தடவை போட்டும் போகாமல் நின்றதில் ஒன்று கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஏதோ இனிப்புப் பானம் காய்ந்திருக்கிறது. ஈரத் துணியால் விளிம்பைச் சுற்றித் துடைத்துப் போட்டேன். முதல் தடவையே போனது. பிசுக்கு உலோகத்தை மாற்றவில்லை, உருளும் வேகத்தை மாற்றியிருக்கிறது. காசு இந்த நேரத்துக்குள் இரண்டாவது சென்சாரைக் கடக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, தாமதமானால் துப்பிவிடும்.

ஆக, துடைப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் விளிம்பைத் துடைக்க வேண்டும். எல்லாரும் தகட்டில் உரசுவது முகத்தை.

இன்னொன்றும் கவனித்தேன். துப்பத் துப்ப எனக்குக் கோபம் ஏறி, காசை விசையோடு தள்ள ஆரம்பித்தேன், இன்னும் அதிகமாகத் துப்பியது. உரசிய பிறகு மனிதர் ஒருவித பயபக்தியோடு மெதுவாகப் போடுகிறார். அந்த மெதுவுக்கு ஏதாவது பலன் இருக்கலாம். கோபக் குவியல், கெஞ்சல் குவியல் என்று பிரித்துச் சோதிக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஜூன் 11

இந்த இழையின் இரண்டாவது கேள்வியை மறந்தே போனேன். ‘அதே காசுதான்’ என்று முதல் நாள் எழுதினேன். பெரும்பாலும் தப்பு.

இரண்டு திரும்பல்களைக் குழப்பிக்கொண்டேன். சோதனையில் தோற்ற காசு உடனே ‘டங்’ என்று விழுகிறதே, அது உங்கள் அதே காசு. சந்தேகமில்லை. ஆனால் காசை ஏற்றுக்கொண்டு திரையில் தொகையும் காட்டிய பிறகு நீங்கள் மனம் மாறிப் பொத்தானை அழுத்தினால் கதை வேறு.

சில்லறை தரும் இயந்திரத்துக்குள் காசுகளுக்கு நெட்டுக்குத்தாகக் குழாய்கள் இருக்கும், ஒவ்வொரு மதிப்புக்கும் ஒன்று. ஏற்றுக்கொண்ட காசு சிறு கதவுகள் வழியே பிரிந்து தன் குழாயின் மேலே போய் விழும். குழாய் நிரம்பிவிட்டால் கீழே பணப்பெட்டிக்குப் போகும். சில்லறை தரும்போது காசு எடுப்பது குழாயின் அடியிலிருந்து, ஒரு தட்டு பக்கவாட்டில் நகர்ந்து அடிக்காசை மட்டும் தள்ளும். மேலே போட்டு, அடியில் எடுத்தால் எப்படி அதே காசு வரும்? உங்களுக்கு வருவது நேற்றோ முந்தாநாளோ வேறொருவர் போட்டது.

‘சரியான சில்லறை மட்டும் போடவும்’ என்ற விளக்கு எரிவதும் இந்தக் குழாய்களைப் பார்த்துத்தான். காசு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே இறங்கினால் சென்சார் சொல்லிவிடும்.

இப்படி வேறு காசு திரும்பி வருவது சாதாரண விஷயம் இல்லை, ஜப்பானில் பெரிய தலைவலியாகவே ஆயிற்று. 1982இல் அவர்கள் வெளியிட்ட 500 யென் காசு: செம்பு–நிக்கல் கலவை, விட்டம் 26.5 மி.மீ., எடை 7.2 கிராம். தென் கொரியாவின் 500 வொன் காசும் அதே ஆண்டு வந்தது: அதே கலவை, அதே விட்டம், 7.7 கிராம். அரை கிராம்தான் வித்தியாசம். மதிப்பிலோ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. வொன் காசின் முகத்தில் துரப்பணத்தால் சின்னச் சின்னக் குழி தோண்டி எடையைக் குறைத்து இயந்திரத்தில் போட்டார்கள். அப்புறம் ஒன்றும் வாங்காமல் திருப்பித் தரும் லீவரை அழுத்தினார்கள். கீழே வந்து விழுந்தது அசல் 500 யென்! போலியை உள்ளே விட்டுவிட்டு அசலை எடுத்துப் போகிறான், இயந்திரமே மாற்றிக் கொடுக்கிறது. ஏமாற்றப்பட்டது சோதனைப் பகுதி மட்டுமில்லை, திருப்பித் தரும் பகுதியும்தான்.

பிறகு 2000ஆம் ஆண்டு 500 யென்னைச் செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த புதுக் கலவைக்கு மாற்றி எடையை 7.0 கிராம் ஆக்கினார்கள். 2021 நவம்பரில் வளையம் ஒரு உலோகம், நடு வேறு என்று இரண்டு நிறக் காசாக மறுபடி மாற்றினார்கள், 7.1 கிராம். இயந்திரங்களிலும், போட்ட காசையே பிடித்து வைத்திருந்து அதையே திருப்பும் ஏற்பாடு வந்தது.

ஜூன் 11, இரவு

‘பிடித்து வைத்திருந்து’ என்று எழுதியதும் ஞாபகம் வந்தது: இது புதுசே இல்லை. பழைய அமெரிக்கக் காசுத் தொலைபேசியில் காசு ஒரு சிறு தட்டின் மேல் காத்திருக்கும். எதிர்முனையில் எடுத்துப் பேசினால் இணைப்பகத்திலிருந்து 130 வோல்ட் ஒரு திசையில் வரும், தட்டு பெட்டிப் பக்கம் சாயும். யாரும் எடுக்காவிட்டால் அதே 130 வோல்ட் எதிர்த் திசையில் வரும், தட்டு இந்தப் பக்கம் சாய்ந்து காசு கைக்கு வரும். கொடுக்கவும் எடுக்கவும் ஒரே தட்டு, ஒரே கம்பி.

அந்தத் தொலைபேசிகளில் காசை எண்ணியது காது. 5 சென்ட் ஒரு மணியை ஒருமுறை தட்டும், 10 சென்ட் அதையே இருமுறை, 25 சென்ட் கனத்த ஓசையுள்ள வேறொன்றை. இணைப்பகத்தில் இருக்கும் பெண் கேட்டுக் கூட்டிக்கொள்வார். பிறகு மணிக்குப் பதில் 1700, 2200 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்த ஒலித்துடிப்பு வந்தது: 5 சென்டுக்கு ஒன்று, 10க்கு இரண்டு, 25க்கு ஐந்து. ஒலியைப் பதிவு செய்து ரிசீவரில் ஒலிக்கவிட்டு இலவசமாகப் பேசியவர்கள் உண்டு. காசைச் சோதிக்காமல் காசின் சத்தத்தை மட்டும் நம்பினால் அதுதான்.

ஜூன் 13

“முதல் காசு இயந்திரம் எது?” கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பொறியாளர் ஹீரோன் விவரித்தது: கோயிலில் புனித நீர் தரும் கலம். 5 டிராக்மா காசைப் போட்டால் அது ஒரு தட்டில் விழும், தட்டு தாழும், மறுமுனையில் அடைப்பு தூக்கும், நீர் வரும். தட்டு சாய்ந்து காசு வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடும். அழகு. ஆனால் சோதனை என்று ஒன்றும் இல்லை. அதே எடையில் கூழாங்கல் போட்டாலும் நீர் வந்திருக்கும். கடவுள் பார்க்கிறார் என்ற நம்பிக்கையே அதற்குச் சென்சார்.

ஜூன் 14

இதுவரை காசைப் பற்றி இயந்திரம் என்ன நினைக்கிறது என்று எழுதினேன். எதிர்ப்பக்கமும் உண்டு. காசை வடிவமைக்கிறவர்கள் இயந்திரத்துக்குப் பயப்படுகிறார்கள்.

1965இல் அமெரிக்கா 25 சென்ட் காசிலிருந்து வெள்ளியை எடுத்தது. செம்பு–நிக்கல் கலவையை மட்டும் போட்டிருந்தால் மலிவு, எளிது. ஆனால் அது மின்சாரத்தை மோசமாகக் கடத்தும், காந்தத்துக்கு முன்னால் வெள்ளியைப் போலப் பிரேக் விழாது. நாட்டிலிருந்த இயந்திரங்கள் எல்லாம் புதுக் காசைத் துப்பியிருக்கும். அதனால் நடுவே சுத்தச் செம்பும் இரண்டு பக்கமும் செம்பு–நிக்கல் தோலும் வைத்து அடுக்கினார்கள். பார்க்க வெளுப்பு, காந்தத்துக்கு முன்னால் வெள்ளியின் நடத்தை. எடை மட்டும் 6.25 கிராமிலிருந்து 5.67க்கு இறங்கியது. விளிம்பில் தெரியும் அந்தச் செம்புக் கோடு, இயந்திரத்துக்காக வைத்த கோடு.

மனிதக் கண்ணை மறந்ததும் நடந்திருக்கிறது. அதே நாட்டில் 1979இல் வந்த ஒரு டாலர் காசு 26.5 மி.மீ., 25 சென்ட் 24.26 மி.மீ., நிறமும் ஒன்றே. இயந்திரம் குழம்பவில்லை, மனிதர்கள் குழம்பினார்கள். 2000இல் வந்த டாலர் காசைப் பொன்னிறமாக்கினார்கள். ஆனால் அளவும் எடையும் காயிலுக்குத் தெரியும் குணமும் 1979 காசைப் போலவே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். கண்ணுக்குப் புதுக் காசு, இயந்திரத்துக்குப் பழைய காசு.

2 யூரோவும் தாய்லாந்தின் 10 பாட்டும் இன்னொரு ஜோடி. இரண்டும் 8.5 கிராம், 25.75க்கு 26 மி.மீ., இரண்டும் இரட்டை நிறம். பாட் மூத்தது. தொட்டில் காலத்துப் பெட்டி என்றால் கைவிரித்திருக்கும். ஆனால் 2 யூரோவின் நடுவட்டத்துக்குள் ஒரு நிக்கல் அடுக்கு ஒளிந்திருக்கிறது, லேசாகக் காந்தத்தன்மை உண்டு. பாட்டின் நடுவில் அலுமினிய வெண்கலம், காந்தம் பிடிக்காது. காயில் ஒழுங்காக இருந்தால் நொடியில் பிரித்துவிடும்.

ஏழு பக்கம் வைத்த காசு எப்படி உருளும் என்று கேட்டவருக்கு: பிரிட்டனின் 50 பென்ஸ், 1969. பக்கங்கள் நேர்கோடு இல்லை, வெளியே வளைந்தவை. எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் அகலம் ஒன்றுதான். வட்டமில்லாமலே வட்டத்தின் வேலையைச் செய்கிறது.

ஜூன் 14, இரவு

டோக்கன் கதை ஒன்று சொல்லாமல் தூங்க முடியாது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில நெடுஞ்சாலைச் சுங்கத்துக்கு ஒரு டோக்கன் விற்றார்கள், விலை 17.5 சென்ட். நியூயார்க் சுரங்க ரயில் டோக்கன் 75 சென்ட். ரயில் நிலையத்துச் சுழல்கதவுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. மிச்சத்தை ஊகித்துக்கொள்ளுங்கள். 1986இல் நியூயார்க் நடுவில் எஃகு வட்டம் பதித்த புது டோக்கனுக்கு மாறியது.

ஜூன் 17

சிலர் தங்கள் இயந்திரம் சில நாள் எல்லாக் காசையும் துப்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காயிலைக் குறை சொல்வதற்கு முன் தரையைப் பாருங்கள். காசு உருளும் சரிவு நேர்குத்தாக இருக்காது, பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்திருக்கும். காசு ஒரு சுவரோடு சாய்ந்தே உருள வேண்டும் என்பதற்காக. அப்போதுதான் காயிலுக்கும் காசுக்கும் இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கும். பெட்டியே எதிர்ப்பக்கம் சாய்ந்தால் காசு சுவரை விட்டுத் தள்ளாடும்.

நான் குடியிருந்த இடத்தில் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று இரண்டு வாரம் பாடாய்ப் படுத்தியது. ஆள் வந்து பார்த்தார், காயிலைத் துடைத்தார், போனார். மறுநாள் மறுபடி. கடைசியில் அட்டைப் பெட்டியைக் கிழித்து நாலாக மடித்து முன்னங்கால் ஒன்றின் கீழே செருகினேன். அத்தோடு சரி. துணி சுற்றும் அதிர்ச்சியில் மெல்ல நகர்ந்து கால் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது. அங்கே எல்லாரும் உரசிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 18

மின்சாரம் போனால் காசு என்ன ஆகும்? மேசை ஏற்பியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன். நேராகத் திரும்பி விழுந்தது. உள்ளே கதவு சாதாரணமாகவே திரும்பும் வழியில் நிற்கிறது. காசு சரி என்று தெரிந்தால் மட்டும் சோலினாய்டு என்ற மின்காந்தம் ஒரு கணம் அதை இழுத்து மறுவழியைத் திறக்கிறது. நெம்புப் பெட்டியைப் பற்றி 3ஆம் தேதி எழுதியதேதான் இங்கேயும்: ஏற்றுக்கொள்ளத்தான் பாடு.

இது எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தாது. காசைக் குழிகளில் செங்குத்தாகச் செருகித் தட்டை உள்ளே தள்ளும் வகை உண்டு. ஒவ்வொரு காசும் ஒரு சிறு நாக்கைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தட்டு நகரும், ஒரு குழி காலியென்றால் நகராது. அதில் ‘திருப்பித் தருவது’ என்றால் தட்டை நீங்களே வெளியே இழுத்துக் காசை விரலால் எடுத்துக்கொள்வது.

ஜூன் 21

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். காசின் ஓரத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து அதே இயந்திரத்தில் போட்டாராம். பொத்தானை அழுத்தினாராம். புள்ளி வைத்த காசே திரும்பி வந்ததாம். “11ஆம் தேதி எழுதினீர்களே, என்ன ஆயிற்று?” என்கிறார்.

திரையில் தொகை காட்டிய பிறகு அழுத்தினீர்களா, அதற்கு முன்பா? காட்டுவதற்கு முன் விழுந்திருந்தால் அது வெறும் துப்பல்.

ஜூன் 21, இரவு

காட்டிய பிறகுதானாம். மூன்று முறை செய்து பார்த்தாராம், மூன்று முறையும் புள்ளிக் காசே. அப்படியென்றால் அதற்குள் பிடித்து வைக்கும் தட்டு இருக்கிறது, ‘பெரும்பாலும்’ என்று நான் எழுதியது அந்த இயந்திரத்துக்குச் செல்லாது. குழாய் காலியாக இருந்து நீங்கள் போட்ட ஒன்றே அடிக்காசாகவும் ஆகியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இடையில் வேறொருவர் அதே மதிப்புள்ள காசு போட்டுச் சில்லறை வாங்கிக்கொண்டு போனதையும் எழுதியிருக்கிறார், அதனால் அந்த வழியும் அடைபட்டது.

நகப்பூச்சுப் புள்ளியை விளிம்பில் வைக்காதீர்கள். முகத்தில் வையுங்கள், உருளும்போது தடுக்காது.